எஞ்சின் பிளாக்கு வேலைக்கு ஏற்ற பட்டறையைத் தேர்ந்தெடுத்தல்

கள்ளக்குறிச்சிப் பிரதேசத்தில் முன்னாளில் ஏரும் ஏற்றமும் வண்டியும் செய்துவந்த வேலையில் பெரும்பங்கை இன்று எஞ்சின்கள் செய்து வருகின்றன. நன்செயை உழுவது டிராக்டர். நெல்லை அறுப்பது அறுவடை இயந்திரம். கரும்பை மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கொண்டு சேர்ப்பது டிராக்டரும் லாரியும். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு கீழிறங்கி ஜவ்வரிசி ஆலைகளை அடைவதும் எஞ்சின் வண்டிகளினாலேயே. 1990-ஆம் ஆண்டளவில் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்ட பின்னர் கிணற்று மேட்டில் எண்ணெய் எஞ்சின்கள் குறைந்துபோயின என்பது உண்மையே. ஆயினும் வயலிலும் சாலையிலும் எஞ்சின்கள் பெருகியிருக்கின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் சில, டிராக்டர் முதலிய சாதனங்களைச் சங்கத்தின் பேரிலேயே வாங்கி, அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விட்டும் வருகின்றன.

இத்தகைய எஞ்சின் பழுதானால், வால்வு தேய்ப்பது, கேஸ்கட்டு மாற்றுவது போன்ற சிறு வேலைகளை உள்ளூர் மெக்கானிக்கே செய்து விடுவார். ஆனால் எஞ்சினின் உடலாகிய பிளாக்கே தேய்ந்தோ வெடித்தோ போனால், அதைச் சீர்செய்ய விசேஷமான இயந்திரங்களும், நூறில் ஒரு பங்கு மில்லி மீட்டரை அளக்கும் கருவிகளும், அவற்றைக் கையாளும் பழக்கமும் வேண்டும். அத்தகைய பட்டறை எல்லா ஊர்களிலும் இராது. பட்டறை என்று பலகை தொங்குவதெல்லாம் அந்த வேலைக்கு ஏற்றதும் அன்று. தவறான பட்டறையில் கொடுத்து எஞ்சினைக் கெடுத்துக் கொள்வதனால் நேரும் நஷ்டம் ரிப்பேர்ச் செலவோடு நிற்பதில்லை. அறுவடைக் காலத்தில் இயந்திரம் நின்றால் நெல் தாளிலேயே உதிரும். வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகாமல் காய்ந்து எடை குறையும். டிராக்டருக்கு வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் நிற்காமல் ஓடும். ஆகையால் பிளாக்கு வேலைக்குரிய பட்டறையைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சங்கத்தின் பஞ்சாயத்தாரும் அங்கத்தினர்களும் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

துளை சரியில்லாத எஞ்சின் ஓடாது

சிலிண்டரின் துளை உருண்டையாகவும் நேராகவும் இருந்தாலன்றி எஞ்சின் பயன்படாது என்பதை உலகம் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது. ஜேம்ஸ் வாட்டு என்பவர் தமது நீராவி எஞ்சினுக்கு 1769-ஆம் ஆண்டில் பேடண்டு உரிமை பெற்றார். கருத்து கைவசம் இருந்தும், நீராவி கசியாதபடி பெரிய சிலிண்டரைக் கடைந்து கொடுக்கும் பட்டறை அகப்படாமையால் அவர் பல வருஷங்கள் காத்திருக்க நேர்ந்தது. பீரங்கிக் குழாய்களைக் கடைவதில் தேர்ந்த ஜான் வில்கின்ஸன் என்ற இரும்புத் தொழிலதிபர், 1775-ஆம் ஆண்டில் சிலிண்டர் கடையும் யந்திரம் ஒன்றை அமைத்தார். அடுத்த வருஷமே வாட்டின் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. ரூடால்ப் டீசல் என்பவர் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் தமது எஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டினார். இந்த எஞ்சினில், காற்றைக் கடுமையாக நெருக்கி, அந்தச் சூட்டினாலேயே எண்ணெயைப் பற்றவைக்க வேண்டியிருப்பதால், துளையின் நுட்பம் இன்னும் முக்கியமாயிற்று.

சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பரப்ப முயன்றார். எஞ்சின் கிராமத்துக்குள் நுழைந்த நாள் முதலாகவே, அதை வாங்குவதைவிடப் பழுது பார்த்து ஓட்டுவதே கடினம் என்ற பிரச்சினையும் உடன் வந்தது. எஞ்சின் விற்கும் கடை அருகில் இருந்தால் போதாது. அதைச் சீர்செய்யும் பட்டறையும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பிளாக்கு என்பது யாது?

பிளாக்கு என்பது பெரும்பாலும் வார்ப்பிரும்பினால் ஆன பெட்டி போன்ற உடலாகும். அதன் மேற்பாகத்தில் பிஸ்டன்கள் ஏறியிறங்கும் சிலிண்டர்த் துளைகள் இருக்கின்றன. துளைகளைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைகள் உண்டு. கீழ்ப்பாகத்தில் கிராங்கு சுழலும் மெயின் பேரிங்குகளின் இருக்கைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. எண்ணெய் செல்லும் துவாரங்கள் உடல் முழுவதும் ஊடுருவி ஓடுகின்றன. தலைப்பாகமாகிய ஹெட்டு வந்து அமரும் மேல்முகம் கண்ணாடிபோல் சமதளமாக இருத்தல் வேண்டும்.

சில எஞ்சின்களில் பிஸ்டன் பிளாக்கின் துளையிலேயே நேராக ஓடும். வேறு சிலவற்றில் லைனர் அல்லது ஸ்லீவு எனப்படும் குழாய் ஒன்று துளைக்குள் செருகப்பட்டிருக்கும். அந்தக் குழாய் தண்ணீரைத் தொடாமல் பிளாக்கின் சுவரோடு இறுகியிருந்தால் உலர் லைனர் என்றும், தண்ணீர் அதைத் தொட்டு ஓடினால் ஈர லைனர் என்றும் பெயர். எஞ்சின் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே செய்ய வேண்டிய வேலையும், அதற்குரிய பட்டறையும் வேறுபடும். ஈர லைனரைக் கழற்றிப் புதியது போடுவதைத் தேர்ந்த மெக்கானிக் பொதுவாக உள்ளூரிலேயே செய்யலாம். ஆனால் லைனர் அமரும் விளிம்பு அரித்துப் போயிருந்தால் அதைக் கடைந்து திருத்தப் பட்டறைக்கே போக வேண்டும். லைனரின் தலை பிளாக்கின் முகத்துக்கு மேல் கம்பெனி சொல்லும் அளவே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது தாழ்ந்தால் கேஸ்கட்டு அடிக்கடி எரிந்து போகும்.

பிளாக்கு கெடும் வழிகள்

முதலாவது காரணம் தூசி. புழுதி நிலத்தில் உழும் டிராக்டரும், பதர் பறக்கும் வயலில் ஓடும் அறுவடை இயந்திரமும் ஏராளமான தூசியை இழுக்கின்றன. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாமலோ, அதன் ரப்பர்க் குழாயில் உள்ள சிறு ஓட்டையைக் கவனியாமலோ ஓட்டினால், அந்தத் தூசி சாணைப்பொடி போலச் சிலிண்டரைத் தேய்த்து விடுகிறது. பிஸ்டனின் மேல் வளையம் திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம். எண்ணெய்ப் பசையோ குறைவு. ஆகையால் அந்த இடமே மிகுதியாகத் தேய்கிறது. துளை மேலே அகன்றும் கீழே குறுகியும், உருண்டை கெட்டு முட்டை வடிவாகவும் மாறுகிறது.

இரண்டாவது காரணம் சூடு. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையில் பாரம் ஏற்றிய வண்டி தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறுகிறது. எஞ்சின் முழு வேலை செய்கிறது. ஆனால் ரேடியேட்டரில் எதிர்க்காற்று போதிய அளவு படுவதில்லை. தண்ணீர் கொதித்துக் குறைந்த நிலையில், வழியோர ஓடையின் குளிர்ந்த நீரை உடனே ஊற்றினால், காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்ததுபோல் வார்ப்பிரும்பு வெடிக்கக் கூடும். எஞ்சினைச் சற்று நேரம் ஆறவிட்டு, மூடியைப் பதமாகத் திறந்து, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக நீர் சேர்ப்பதே முறை.

மூன்றாவது காரணம் உப்பு நீர். ஆழ்குழாய்க் கிணறுகளின் கடின நீரை ரேடியேட்டரில் ஊற்றி வந்தால், கொதிபானையின் அடியிற் படிவது போன்ற காரை பிளாக்கின் தண்ணீர் அறைகளில் படிகிறது. காரை சூட்டைக் கடத்தாது. ஆகையால் ரேடியேட்டர் குளிர்ந்திருப்பதாகத் தோன்றினும் சிலிண்டர்ச் சுவர் உள்ளே வெந்துகொண்டிருக்கும். கம்பெனி சொல்லும் கூலண்டு திரவத்தை உரிய அளவில் சுத்த நீரோடு கலந்து ஊற்றுவது, பிளாக்கு வேலைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கினாலே முடிகிற காரியம்.

பட்டறைக்குப் போகுமுன்

எஞ்சின் சக்தி குறைந்தவுடன் பிளாக்கைக் கடைய வேண்டும் என்று முடிவு கட்டுதல் தவறு. கரும்புகை வந்தால் பெரும்பாலும் காற்றுக் குறைவோ டீசல் பீச்சும் இஞ்செக்டரின் கோளாறோ காரணமாயிருக்கும். நீலப்புகை வந்து எண்ணெயும் விரைவில் குறைந்தால், வளையம், துளை, வால்வு கைடு இவற்றுள் ஒன்று தேய்ந்திருக்கிறது. எண்ணெய் பால்போல் வெளுத்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அதற்குக் காரணம் கேஸ்கட்டோ, ஹெட்டோ, பிளாக்கோ என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் சுவாசக் குழாயிலிருந்து புகை விசையோடு வருமானால், எரிவாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. கம்ப்ரஷன் சோதனை செய்து, ஹெட்டைக் கழற்றி, துளையை அளந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

அளப்பதற்கும் முறை உண்டு. ஒவ்வொரு துளையையும் மேல், நடு, அடி என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளிலும் போர் கேஜினால் அளக்க வேண்டும். ஆகத் துளைக்கு ஆறு அளவுகள். இவற்றைக் கம்பெனியின் புத்தகத்தில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டால், வளையம் மட்டும் மாற்றினால் போதுமா, கடைய வேண்டுமா என்பது விளங்கும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, 'தேய்ந்திருக்கிறது' என்று சொல்வது சோதனை ஆகாது. மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஒரு மில்லி மீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே ஆகும். அந்த அளவுக்குள்தான் பிஸ்டனின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன.

பிளாக்கின் சுவர் ஒரு மூலதனம்

துளை தேய்ந்தால், அதைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுகிறார்கள். இதற்கு ரீபோர் என்று பெயர். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பல எஞ்சின்களுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மில்லி மீட்டர் என்ற படிகளில் கிடைக்கின்றன. இவற்றையே பட்டறைகளில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் சொல்வர். ஒவ்வொரு முறை கடையும் போதும் சுவரின் தடிமன் குறைகிறது. கடைசிப் படியும் கடந்தபின், பழைய துளையை இன்னும் அகலமாகக் கடைந்து லைனர் இறக்க வேண்டும். அல்லது வேறு பிளாக்கு வாங்க வேண்டும். புது மாதிரி எஞ்சின்களில் சிலவற்றைக் கடையவே கூடாதென்று கம்பெனி விதித்திருப்பதும் உண்டு. அதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே சங்கத்தின் மூலதனத்தை எப்படிக் கருதுகிறோமோ அப்படியே பிளாக்கின் சுவரையும் கருத வேண்டும். 0.25 கடைந்தால் போதுமான துளையை, கையில் 0.50 பிஸ்டன்தான் இருக்கிறது என்பதற்காக அகலமாகக் கடைவது, வட்டி கட்ட வேண்டிய இடத்தில் முதலை எடுத்துச் செலவழிப்பதற்கு ஒப்பாகும். கோணலாகக் கடைந்துவிட்டாலோ, அதை நேராக்க அடுத்த படிக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. இழந்த இரும்பு திரும்பி வாராது.

எந்த வேலைக்கு எந்த ஊர்?

பிளாக்கு வேலைகளை மூன்று தரமாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல் தரம்: புஷ் கடைதல், முறிந்த போல்ட்டை எடுத்தல், தேய்ந்த மரையைப் புதுப்பித்தல் முதலியன. இவற்றைத் தாலூகாப் பட்டணங்களில் உள்ள நல்ல லேத்துப் பட்டறைகள் செய்யும். இதற்காக நெடுந்தூரம் போவது வீண் செலவு.

இரண்டாம் தரம்: துளை கடைதல், ஹோனிங் செய்தல், லைனர் இறக்குதல், கிராங்கு கிரைண்டிங், மேல்முகம் சமன் செய்தல். இவற்றுக்குத் தனித்தனி இயந்திரங்கள் வேண்டும். எங்கே டிராக்டர், லாரி, அறுவடை இயந்திரம் ஆகியவை திரளாக இருக்கின்றனவோ, அங்கே இத்தகைய பட்டறைகளும் நாள்தோறும் வேலையுடன் இருக்கும். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் சின்னசேலத்தை அடுத்து ஆத்தூரும், அதற்கப்பால் சேலம் நகரமும் இருக்கின்றன. கிழக்கே விழுப்புரம், கடலூர், புதுச்சேரி ஆகிய ஊர்கள் உள்ளன. மலையின் மேற்குச் சரிவில் உள்ளவர்களுக்கு ஆத்தூர்ப் பாதையும், கிழக்குச் சரிவில் உள்ளவர்களுக்குக் கள்ளக்குறிச்சிப் பாதையும் வசதியாகும்.

மூன்றாம் தரம்: மெயின் பேரிங் இருக்கைகளை ஒரே கோட்டில் கடையும் லைன் போரிங், வெடித்த வார்ப்பிரும்பை இணைத்தல், அருமையாகக் கிடைக்கும் எஞ்சின்களுக்கு லைனர் வார்த்துக் கடைதல் ஆகியன. இவற்றுக்கு வாகனத் தொழில் பெருகியுள்ள ஊர்களையே நாட வேண்டும். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக்கு வண்டிகளுக்கும் பேர்பெற்றவை. கோயம்புத்தூர், பம்புகளும் மோட்டார்களும் செய்யும் நகரமாதலால் அங்கே வார்ப்படசாலைகளும் நுட்பமான பட்டறைகளும் பல உண்டு. சென்னையில் செம்பியம் பகுதி, டிராக்டர் எஞ்சின், பிஸ்டன் ஆகியவற்றின் உற்பத்திக்கு நெடுநாளாகப் பெயர்போனது.

தூரமான ஊருக்குப் போவதாலேயே வேலை சிறக்கும் என்பதும் தவறு. அந்தக் குறிப்பிட்ட வகை எஞ்சினை வாரந்தோறும் கடைந்து பழகிய பட்டறையே சிறந்தது. மோட்டார் சைக்கிள் துளைகளை மட்டும் கடைந்து வந்தவரிடம் டிராக்டர் பிளாக்கைக் கொடுப்பது பொருந்தாது. லாரி உடைமைக்காரர்கள், அறுவடை இயந்திரம் வைத்திருப்போர், ஆலைகளின் எஞ்சின் மேஸ்திரிகள் ஆகியோரை விசாரித்தால் உண்மை தெரியவரும். 'வேலை நன்றாக இருக்கிறதா?' என்று மட்டும் கேட்பதைவிட, 'சென்ற வருஷம் கடைந்த எஞ்சின் இந்த வருஷம் எண்ணெய் குடிக்கிறதா?' என்று கேட்பது மேல். வேலை முடிந்த வாரத்தில் எல்லா எஞ்சினும் நன்றாகவே ஓடும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

பட்டறைக்கு நேரில் சென்று கீழ்க்கண்டவற்றைப் பார்க்கவும் கேட்கவும் வேண்டும்.

ஒன்று, அளவுக் கருவிகள். மைக்ரோமீட்டரும் போர் கேஜும் பெட்டியில் சுத்தமாக வைக்கப்பட்டிருக்கின்றனவா? கடைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்களா? எழுதித் தரத் தயங்கும் பட்டறையை விட்டு விலகுவதே நலம்.

இரண்டு, மையம் பிடிக்கும் முறை. தேய்ந்த துளை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். தேய்ந்த இடத்தையே மையமாகக் கொண்டு கடைந்தால் புதுத் துளையும் சரிந்தே அமையும். தேயாத அடிப்பாகத்திலிருந்தோ, பிளாக்கின் ஆதார முகங்களிலிருந்தோ மையம் பிடித்து, துளை கிராங்கின் அச்சுக்குச் செங்குத்தாக அமைகிறதா என்று கவனிப்பார்களா என்பதைக் கேட்க வேண்டும்.

மூன்று, பிஸ்டனுக்கு ஏற்பக் கடைதல். பிஸ்டன்களை முன்னதாகவே வாங்கி, பிளாக்கோடு சேர்த்துப் பட்டறையில் கொடுக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, உரிய இடைவெளி விட்டுக் கடைதலே முறை. இடைவெளி குறைந்தால் பிஸ்டன் சூட்டில் விரிந்து பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் தட்டும், எண்ணெய் குடிக்கும்.

நான்கு, ஹோனிங். போரிங் இயந்திரம் கடைந்த துளை அப்படியே உபயோகத்துக்கு ஆகாது. கடைசியாகச் சிறு அளவு இரும்பை ஹோன் கற்களால் தேய்த்து எடுக்க வேண்டும். அப்போது சுவரில் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளே எண்ணெயைப் பிடித்து வைத்து, வளையங்கள் பதிந்து அமர உதவுகின்றன. பளபளவென்று மின்னும் துளையைக் கண்டு மகிழ்வோர் பலர். அதில் வளையம் அமராது என்பதை அறிந்தோர் சிலரே.

ஐந்து, கழுவுதல். ஹோனிங் செய்தபின் சுவரில் கற்பொடி ஒட்டியிருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடைத்தால் அது போகாது. வெந்நீரும் சோப்பும் கொண்டு பிரஷினால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரை துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் ஓடும் துவாரங்களின் அடைப்புகளையும் கழற்றிச் சுத்தம் செய்தல் வேண்டும். இந்த ஒன்றைக் கைவிட்டமையால் புது வளையமும் புதுப் பேரிங்கும் சில நாட்களிலேயே தேய்ந்துபோகக் கூடும்.

வெடித்த பிளாக்கைப் பற்றி

வெடிப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஊடுருவச் செய்தோ, காந்தமும் இரும்புப் பொடியும் கொண்டோ, தண்ணீர் அறைகளை அடைத்து அழுத்தம் ஏற்றியோ சோதிக்க வேண்டும். கடைவதற்கு முன்னரே இச்சோதனையைச் செய்து விடுவது அவசியம். கடைந்து பிஸ்டனும் வாங்கிய பின்னர் வெடிப்பைக் கண்டால் இரு செலவும் வீண்.

வார்ப்பிரும்பைச் சாதாரண இரும்புபோல் எண்ணி வெல்டிங் வைப்பது பெரும்பிழை. அதில் கரி மிகுதியாதலால், ஓரிடத்தை மட்டும் சூடாக்கி ஆறவிட்டால் அவ்விடம் கடினமாகி, வெல்டிங்குக்கு அருகிலேயே மறுபடியும் வெடிக்கும். பிளாக்கு முழுவதையும் முன்னதாகச் சூடேற்றி, நிக்கல் கலந்த கம்பியால் இணைத்து, மிக மெதுவாக ஆறவிடுதல் ஒரு முறை. சூடே இல்லாமல் வெடிப்பின் நெடுக உலோக முளைகளை வரிசையாக இறக்கித் தைப்பது மற்றொரு முறை. தண்ணீர் அறையின் வெளிச்சுவரில் உள்ள வெடிப்பை இவ்விதம் நம்பிக்கையோடு சீர்செய்யலாம். சிலிண்டர்ச் சுவரில் உள்ள வெடிப்பை லைனர் இறக்கிச் சமாளிப்பதுண்டு. மெயின் பேரிங்கைத் தாங்கும் பாகத்தில் வெடித்திருந்தால், பெரும்பாலும் அந்தப் பிளாக்கைக் கைவிடுவதே சிக்கனம். பசை வைத்து அடைப்பது வீடு வந்து சேரும் வரைக்கும் உதவலாம். அதை ரிப்பேர் என்று கணக்கில் எழுதலாகாது.

சங்கம் செய்யக் கூடியவை

சங்கத்தின் இயந்திரத்துக்கு ரிப்பேர் என்றால் பஞ்சாயத்தார் பல பட்டறைகளில் விலைப்புள்ளி கேட்டு, குறைந்ததை அங்கீகரிப்பது வழக்கம். முறை நல்லதே. ஆனால் 'எஞ்சின் வேலைக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்டால், ஒருவர் கடைவதை மட்டும் சொல்லுவார்; மற்றொருவர் ஹோனிங், கழுவுதல், சோதனை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுவார். குறைந்த தொகை குறைந்த வேலைக்குரியது என்பது பின்னரே தெரியும். ஆகையால் செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி, ஒரே பட்டியலை எல்லாப் பட்டறைகளுக்கும் கொடுத்து விலை கேட்க வேண்டும். அப்பட்டியலில் அடங்க வேண்டியவை: வெடிப்புச் சோதனை, முன் அளவும் பின் அளவும் எழுதித் தருதல், எத்தனை துளை, எந்த ஓவர்சைஸ், ஹோனிங், மேல்முகச் சமன், கிராங்கின் அளவு, கழுவுதல், வேலை முடியும் நாள், குறை கண்டால் மறுபடி செய்து தரும் பொறுப்பு. இவ்விதம் கேட்டால் பெறப்படும் தொகைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ரசீதும் தணிக்கைக்கு நிற்கும்.

இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்தல் நலம். ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி சுத்தம் செய்த நாள், கடைந்த அளவு, செய்த பட்டறை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். டிரைவர்கள் மாறினாலும், பஞ்சாயத்தார் மாறினாலும் புத்தகம் மாறாது. எண்ணெய்ச் செலவு மாதா மாதம் ஏறுவதை அதில் கண்டால், எஞ்சின் நிற்கும் வரை காத்திராமல், கரும்பு அரவையும் நெல் அறுவடையும் முடிந்து ஆடி உழவு தொடங்குமுன் உள்ள ஓய்வு நாட்களில் வேலையைச் செய்து கொள்ளலாம். நெருக்கடியில் அலைபவன் நல்ல பட்டறையைத் தேட மாட்டான். முதலில் கண்டதையே பிடிப்பான்.

மலைக்கிராமங்களுக்கு இது இன்னும் பொருந்தும். கல்வராயன் மலையின் பழைய ஜாகீர்கள் 1976-ஆம் வருஷத்தில் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தன. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான போது வெள்ளிமலை தாலூகாத் தலைமையிடமாயிற்று. சாலைகள் வந்திருக்கின்றன. ஆயினும் இரண்டு மூன்று ஆட்கள் தூக்க வேண்டிய பிளாக்கைக் கீழே இறக்கி, சேலம் வரை கொண்டுபோய்த் திரும்புவது செலவான காரியமே. இரண்டு மூன்று அங்கத்தினர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே வண்டியில் பிளாக்குகளை அனுப்பினால் வண்டிக் கூலியும், உடன் போகும் ஆளின் செலவும் பங்காகும். பட்டறைக்காரரும் ஒரே தடவையில் பல வேலை கிடைப்பதால் நாளைக் குறித்துச் செய்து தருவார். கூட்டுறவின் தத்துவம் இதுவே.

பிளாக்கை அனுப்பும்போது மெயின் பேரிங் மூடிகளை அந்தந்த இடத்திலேயே, எண் மாறாமல் போல்ட்டோடு பூட்டி அனுப்ப வேண்டும். அவை அந்தந்த இருக்கையோடு சேர்த்தே கடையப்பட்டவை. ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. வேலை முடிந்து வரும்போது துளைகளுக்கு எண்ணெய் பூசி, புழுதி புகாமல் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி எடுத்துவர வேண்டும்.

வேலை முடிந்தபின்

புதிதாகக் கடைந்த எஞ்சினை முதல் நாளே முழுப் பாரத்தில் மலையேற்றக் கூடாது. அதற்காகப் பாரமே இல்லாமல் வெறுமனே ஓடவிட்டுக் கொண்டிருப்பதும் தவறு. அவ்விதம் செய்தால் வளையங்கள் பதியாமல் சுவர் மெருகேறிப் போகும். மிதமான பாரத்தில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கம்பெனி கூறும் மணிநேரம் ஓட்டி, முதல் எண்ணெயையும் வடிகட்டியையும் சீக்கிரமே மாற்றி, ஹெட்டு போல்ட்டுகளைக் கம்பெனி சொன்னபடி சரிபார்த்த பின்னரே முழு வேலைக்கு விட வேண்டும்.

நல்ல பட்டறை கிடைப்பது அதிர்ஷ்டத்தால் அன்று. விசாரணையாலும், அளவாலும், எழுத்தாலுமே கிடைக்கிறது. இன்ன எஞ்சினுக்கு இன்ன ஊரில் இன்ன வேலை நன்றாக நடக்கிறது என்ற அனுபவத்தை அங்கத்தினர்கள் சங்கத்தில் பதிவு செய்து வருவார்களாயின், சில வருஷங்களில் அதுவே அந்த வட்டாரத்துக்குச் சிறந்த வழிகாட்டியாக அமையும். ஒருவன் பணம் கொடுத்துக் கற்ற பாடம் ஊராருக்கெல்லாம் செலவின்றிக் கிடைக்கும். கடன் வாங்கிப் பெற்ற இயந்திரமும், கடன் தீரும் முன்னரே பழைய இரும்புக் கடைக்குப் போகாமல், குடும்பத்துக்கும் சங்கத்துக்கும் நெடுங்காலம் உழைக்கும்.